சாந்தா ரங்கசாமி: "முதல் கேப்டன்"னு சொல்லிட்டு முடிச்சுக்கலாமா?

நவம்பர் 4, 2025 – வாசகர் ஒருத்தரோட கேள்வி

ஞாயித்துக்கிழமை ராத்திரி நம்ம பெண்கள் கிரிக்கெட் டீம் உலகக் கோப்பை ஜெயிச்சதுலேருந்து எங்க பார்த்தாலும் பழைய கேப்டன்கள் பேச்சுதான். சாந்தா ரங்கசாமி: இந்தியப் பெண்கள் கிரிக்கெட்ல முதல் டெஸ்ட் கேப்டன், முதல் செஞ்சுரி, முதல் அர்ஜுனா விருது. எல்லாம் சரி. ஆனா ரெக்கார்டை எடுத்துப் பார்த்தேன். 16 டெஸ்ட், 19 ஒன்டே, ஒன்டே ஆவரேஜ் 15. கேப்டனா 12 டெஸ்ட்ல ஒரே ஒரு வெற்றி. முதல்ல வந்து நின்னதால கிடைச்ச பேருதானே இது? ஆட்டத்தால வந்த பேரா? யாரும் கோவிச்சுக்காம பதில் சொல்லுங்க.

நவம்பர் 4, இரவு 11:50

கோவமெல்லாம் இல்ல தம்பி, ஆனா ஒன்டே ஆவரேஜை மட்டும் எடுத்துப் போட்டுட்டு டெஸ்ட் ஆவரேஜை விட்டுட்டீங்க பாருங்க, அங்கதான் இடிக்குது. டெஸ்ட்ல 750 ரன், ஆவரேஜ் 32 சொச்சம். மீடியம் பேஸ் போட்டு 21 விக்கெட், அதுல ஆவரேஜ் 31 சொச்சம். ஆல்ரவுண்டருக்கு ஒரு பழைய அளவுகோல் உண்டே, பேட்டிங் ஆவரேஜ் பௌலிங் ஆவரேஜைவிட மேல இருக்கணும்னு. மயிரிழைலனாலும் தாண்டிட்டாங்க. இதெல்லாம் டீமோட கேப்டனா, பேட்டிங் ஆர்டர்ல முக்கியமான ஆளா, நியூபால் போடற ஆளாவும் இருந்துக்கிட்டு.

அப்புறம் அந்த செஞ்சுரி. 1977 ஜனவரி, டுனெடின், நியூசிலாந்துக்கு எதிரா 108. இந்தியப் பெண்கள்ல டெஸ்ட் செஞ்சுரி அடிச்ச முதல் ஆள். அப்போ வயசு 23. இந்தியா டெஸ்ட் ஆட ஆரம்பிச்சு மூணு மாசம்கூட முழுசா ஆகல, வெளிநாட்டுல முதல் டெஸ்ட், அதுல போய் செஞ்சுரி. இதை எப்படிங்க "முதல்ல வந்து நின்னதால"ன்னு சொல்றது?

நவம்பர் 5, காலை 6:15

தூக்கம் வரல. ராத்திரி எழுதினதுல முக்கியமான விஷயத்தைத் தொடவே இல்லன்னு தோணிச்சு.

16 டெஸ்ட்டுன்னு சொல்றீங்களே, அது எத்தனை வருஷத்துலன்னு பார்த்தீங்களா? முதல் டெஸ்ட் 1976 அக்டோபர் 31, பெங்களூர், வெஸ்ட் இண்டீஸ். கடைசி டெஸ்ட் 1991, ஆஸ்திரேலியா டூர். கிட்டத்தட்ட 15 வருஷம். அந்த 15 வருஷத்துல இந்தியா ஆடினதே மொத்தம் 21 டெஸ்ட்தான். நம்ம தமிழ்நாட்டு சுதா ஷா அந்த 21லயும் ஆடினாங்க, ஒண்ணுகூட விடல. ஒருத்தரோட மொத்த கெரியர் 21 டெஸ்ட்டுன்னா அது அவங்க குறை இல்ல, அட்டவணை அவ்வளவுதான்.

இன்னும் கிட்ட போய்ப் பாருங்க. 76 கடைசில வெஸ்ட் இண்டீஸோட 6 டெஸ்ட், 77 ஜனவரில நியூசிலாந்துல ஒண்ணு, பெர்த்ல ஆஸ்திரேலியாவோட ஒண்ணு. எட்டு டெஸ்ட்டும் மூணு மாசத்துக்குள்ள. அதுக்கப்புறம் இந்தியாவுக்கு அடுத்த டெஸ்ட் எப்போ? 1984. நடுவுல ஏழு வருஷம் ஒரு டெஸ்ட் கிடையாது. செஞ்சுரி அடிச்சப்போ 23 வயசு, அடுத்த டெஸ்ட்டுக்கு டாஸ் போட வந்தப்போ 30. ஒரு பேட்டருக்கு அந்த ஏழு வருஷம் என்ன வருஷம்னு யோசிங்க. கைக்கும் கண்ணுக்கும் சரியா ஒத்துப்போற வயசு அதுதான். அதே ஏழு வருஷத்துல இந்திய ஆம்பளைங்க டீம் அறுபதுக்கு மேல டெஸ்ட் ஆடியிருக்கு. கவாஸ்கர் 23லேருந்து 30 வரைக்கும் டெஸ்ட்டே ஆடாம இருந்திருந்தா அவரைப் பத்தி நாம என்ன பேசிக்கிட்டு இருப்போம்?

நான் இதைத்தான் சொல்ல வர்றேன். ஆடின ஆட்டத்தை வெச்சு அவங்களை எடை போடறதுக்கு முன்னாடி, ஆட விடாத ஆட்டத்தையும் ஒரு ஓரமா எழுதி வெச்சுக்கணும்.

நவம்பர் 5, மதியம் 1:30

கீழ ஒருத்தர் "78 உலகக் கோப்பைல சாந்தா கேப்டன்சில நாம கடைசி இடம்"னு எழுதியிருக்கார். இல்லங்க. 78ல கேப்டன் டயானா எடுல்ஜி. சாந்தா அந்த டீம்லயே இல்ல. அந்த உலகக் கோப்பைல இந்தியாவோட முதல் மேட்ச், அதாவது இந்தியப் பெண்களோட முதல் ஒன்டேவே அதுதான், 1978 ஜனவரி 1, ஈடன் கார்டன்ஸ், இங்கிலாந்துக்கு எதிரா 63க்கு ஆல் அவுட். ஜனவரி 1 சாந்தா மேடத்தோட பொறந்த நாள். 24 வயசு முடியுது, பதினோரு மாசம் முன்னாடி வரைக்கும் இந்தியா கேப்டன், சொந்த நாட்டுல உலகக் கோப்பை, வெளிய இருக்காங்க.

அவங்க கேப்டனா இருந்தது 1982 உலகக் கோப்பைல, நியூசிலாந்துல நடந்தது. 12 மேட்ச், 4 வெற்றி, அஞ்சு டீம்ல நாலாவது.

நவம்பர் 6, இரவு 10:20

இது கொஞ்சம் நீளமா போகும், சொந்தக் கதை, வேணாம்னா தாண்டிப் போயிடுங்க.

நான் எண்பதுகள் கடைசில யுனிவர்சிட்டி டீம்ல ஆடினவ. பெரிய ஆட்டக்காரி எல்லாம் இல்ல, எட்டாவது இறங்குவேன், லெக் ஸ்பின்னுன்னு சொல்லிக்கிட்டு ஏதோ போடுவேன். எங்க கேப்டன் எதுக்காக கேப்டன் ஆனாங்க தெரியுமா? அவங்க அப்பா ரயில்வேல இருந்தார். கன்செஷன் ஃபார்ம் எந்தக் கவுன்டர்ல வாங்கணும், யாரு கையெழுத்து போடணும், எத்தனை மணிக்குப் போனா ஆபீசர் சீட்ல இருப்பார், எல்லாம் அவங்களுக்கு அத்துப்படி. ஃபீல்ட் செட் பண்ணத் தெரியுமான்னு யாரும் கேக்கல.

கன்செஷன்ல டிக்கெட் எடுத்தாலும் பாதி நேரம் ரிசர்வேஷன் கிடைக்காது. அன்ரிசர்வ்ட் பெட்டிதான். கிட் பேக்னா இப்ப மாதிரி சக்கரம் வெச்சது இல்ல, நீளமா ஒரு கான்வாஸ் பை, மூணு பேருக்கு ஒண்ணு, ஜிப் எப்பவோ போயிருக்கும், சணல் கயிறு போட்டுக் கட்டியிருப்போம். பேட் கைப்பிடி வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும். அதை வெச்சுக்கிட்டு கதவு வழியா ஏறவே முடியாது. ஒருத்தி உள்ள போயிடுவா, ஜன்னல் கம்பிக்கு நடுவுல ஸ்டம்பு, பேடு, கிளவ்ஸ்னு ஒண்ணொண்ணா கொடுப்போம். உள்ள இருக்கறவங்க "என்னம்மா இது, கட்டில் காலா?"ன்னு கேப்பாங்க. ராத்திரி பேடை தலைக்கு வெச்சுப் படுத்தா அந்த வேர்வை நாத்தம் இருக்கே, இப்ப நினைச்சாலும் மூக்குல வருது. கேப்டன் மட்டும் தூங்க மாட்டாங்க. ஃபார்ம் இருக்கற பிளாஸ்டிக் கவரை மடியில வெச்சுக்கிட்டு ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் தலை எண்ணுவாங்க.

எதுக்கு இதைச் சொல்றேன்னா, சாந்தா மேடம் பேட்டிகள்ல அவங்க காலத்தைப் பத்தி இதையேதான் சொல்லியிருக்காங்க. அன்ரிசர்வ்ட் பெட்டி, டார்மிட்டரில தங்கறது, தரைல படுக்கறது, கிட்டை முதுகுல கட்டிக்கிட்டு ஒரு கைல பெட்டி. ஆனா நாங்க யுனிவர்சிட்டி டீம்ங்க. அவங்க இந்தியா கேப்டன்! நாங்க பட்டது பதினஞ்சு இருபது பொண்ணுங்க கூத்து, அதையே நாட்டுக்கு ஆடறவங்களும் பட்டாங்கன்னு பின்னாடி படிச்சப்போதான் எனக்கு உறைச்சுது.

அதனால "கேப்டனா என்ன சாதிச்சாங்க"ன்னு கேக்கறப்போ, அந்தக் காலத்து கேப்டன் வேலைல பாதி ஸ்கோர்கார்டுல ஏறாதுன்னு எனக்கு நல்லாத் தெரியும்.

நவம்பர் 7, காலை 8:05

"கஷ்டப்பட்டாங்கங்கறது வேற, நல்லா ஆடினாங்கங்கறது வேற, ரெண்டையும் குழப்பாதீங்க"ன்னு கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்திருக்கார். நியாயமான பேச்சு. ரயில் கதையை வெச்சு மார்க் போடச் சொல்லல. 108ம் 21 விக்கெட்டும் தனி, ரயில் தனி.

அந்த "12ல ஒண்ணு" விஷயத்துக்கு வருவோம். 12ல 1 வெற்றி, 2 தோல்வி, 9 டிரா. 76ல அந்த வெஸ்ட் இண்டீஸ் சீரிஸ் டெஸ்ட் எல்லாம் மூணு நாள் டெஸ்ட். மூணு நாள்ல 20 விக்கெட் எடுக்கறது லேசு இல்ல, அதுவும் நம்ம ஊர் பிட்ச்ல. அதுல பாட்னால, நாலாவது டெஸ்ட்ல, 5 விக்கெட் வித்தியாசத்துல ஜெயிச்சாங்க. இந்தியப் பெண்களோட முதல் டெஸ்ட் வெற்றி அதுதான். 76 நவம்பர், மொயின்-உல்-ஹக் ஸ்டேடியம். ஆடத் தொடங்கி ஒரு மாசத்துக்குள்ள! நம்ம ஆம்பளைங்க 1932ல ஆரம்பிச்சு முதல் வெற்றிக்கு 1952 வரைக்கும் காத்திருந்தாங்க, சேப்பாக்கத்துல, இங்கிலாந்துக்கு எதிரா. இருவது வருஷம்.

ஜம்முல கடைசி டெஸ்ட்டைத் தோத்து சீரிஸ் 1-1 ஆச்சு. 84ல ஆஸ்திரேலியாவோட நாலு டெஸ்ட், நாலும் டிரா. அந்தக் காலத்துல ஆஸ்திரேலியாவோட தோக்காம வந்ததே எனக்குப் பெரிசாத் தெரியுது. சரி, டிராவைக் கொண்டாடச் சொல்லல, ஆனா "ஒண்ணே ஒண்ணு ஜெயிச்சாங்க"ன்னு சொல்றப்போ "ரெண்டுதான் தோத்தாங்க"ன்னும் சேர்த்துச் சொல்லுங்க.

நவம்பர் 7, மாலை 5:40

சும்மா ஒரு ஜாலிக்கு. அந்த 76-77 டீம் பத்திப் பேசறப்போ நம்ம மெட்ராஸ் ஆளுங்களை விட்டுடக் கூடாது. சுதா ஷா, கீப்பர் ஃபௌசியா கலீலி, அப்புறம் ஃபாஸ்ட் பௌலர் சூசன் இட்டிசெரியா. சூசன் யாருன்னா ஸ்குவாஷ் தீபிகா பள்ளிக்கலோட அம்மா. அப்போ தினேஷ் கார்த்திக்குக்கு மாமியார். அந்தக் குடும்பத்துல டெஸ்ட் கேப் முதல்ல வாங்கினது யாருன்னு கேட்டா டிகேவே வாய் மூடிக்கணும், மாப்பிள்ளை பேட்டிங் டிப்ஸ் கொடுத்தா மாமியார் "தம்பி, நான் நியூபால் போட்டவ"ன்னு சொல்லலாம்.

சாந்தா நம்ம ஊரான்னு கேட்டவங்களுக்கு: பொறந்தது மெட்ராஸ், 1954. ஆடினது கர்நாடகாவுக்கு, ஊரு பெங்களூர். உரிமை கொண்டாடறதா இருந்தா பிறப்புச் சான்றிதழ் அளவுக்குக் கொண்டாடிக்கலாம், அதுக்கு மேல கேட்டா பெங்களூர்க்காரங்க சண்டைக்கு வருவாங்க.

நவம்பர் 9, இரவு 9:15

"போர்டு என்ன பண்ணிச்சு அப்போ"ன்னு கேட்டிருக்கீங்க. எந்த போர்டு? பிசிசிஐக்கும் பெண்கள் கிரிக்கெட்டுக்கும் 2006 வரைக்கும் சம்பந்தமே கிடையாது. இருந்தது இந்தியப் பெண்கள் கிரிக்கெட் சங்கம்னு தனி அமைப்பு. 1973ல லக்னோல மகேந்திர குமார் சர்மாங்கறவர் பதிவு பண்ணினது. அவர் ரிக்‌ஷால மைக் வெச்சுக்கிட்டுப் போய் "பொண்ணுங்க கிரிக்கெட் நடக்குது, வாங்க"ன்னு ஊர்ல கூவினார்னு சொல்லுவாங்க. அதே வருஷம் பூனால முதல் நேஷனல்ஸ், வந்ததே மூணு டீம்: பம்பாய், மகாராஷ்டிரா, உ.பி. மூணே வருஷத்துல அங்கேருந்து டெஸ்ட் மேட்ச்சுக்கு வந்துட்டாங்கங்கறதை நினைச்சா எனக்கு இப்பவும் நம்ப முடியல.

காசு எங்கேருந்து? அங்கங்க கையேந்திதான். 82 உலகக் கோப்பைக்குப் போக ஆளுக்கு 10,000 ரூபா கட்டச் சொன்னாங்கன்னு டயானா எடுல்ஜி சொல்லியிருக்காங்க. நாட்டுக்கு ஆட நாமளே காசு கட்டணும். இந்த மாசம் பிசிசிஐ ஜெயிச்ச டீமுக்கு அறிவிச்சது 51 கோடி. நடுவுல 43 வருஷம்.

சாந்தா மேடத்துக்கு சோறு போட்டது கனரா வங்கி வேலை. அங்க ஜெனரல் மேனேஜர் வரைக்கும் போனாங்க. எனக்குத் தெரிஞ்சு அந்தக் காலத்துல ஆடின பல பொண்ணுங்களுக்கு பேங்க், ரயில்வே, இந்த ரெண்டும் இல்லன்னா கிரிக்கெட்டே கிடையாது, கல்யாணம் பண்ணி அனுப்பியிருப்பாங்க. என்னையும் அப்படித்தான் அனுப்பினாங்க, எனக்கு ரெண்டு வேலையும் கிடைக்கல.

நவம்பர் 10, காலை 7:00

நேத்து எழுதினதைப் படிச்சுட்டு எனக்கே ஒரு கேள்வி. அந்தக் காலத்துல போர்டு இல்ல, காசு இல்ல, அதனால ஏழு வருஷம் டெஸ்ட் இல்லன்னு சொல்லிட்டேன். அப்போ போர்டும் காசும் வந்ததும் டெஸ்ட் வந்துடுச்சா?

தேதியை எடுத்து வெச்சுப் பார்த்தேன். 2006 ஆகஸ்ட்ல டான்டன்ல இங்கிலாந்தை டெஸ்ட்ல ஜெயிக்கறாங்க. அதே வருஷக் கடைசில பிசிசிஐ பொறுப்பு எடுத்துக்குது. அடுத்த டெஸ்ட் 2014 ஆகஸ்ட். எட்டு வருஷம்! 2014ல இங்கிலாந்துல ஒண்ணு, நவம்பர்ல மைசூர்ல சவுத் ஆப்பிரிக்காவோட ஒண்ணு, ரெண்டும் ஜெயிச்சாங்க. ஜெயிச்சதுக்குப் பரிசா அடுத்த டெஸ்ட் 2021 ஜூன், பிரிஸ்டல். மறுபடி ஆறரை வருஷம். மிதாலி ராஜ் ரெண்டு பத்தாண்டு தாண்டி ஆடினாங்க, மொத்தம் 12 டெஸ்ட். 2002ல 214 அடிச்சவங்களுக்கு 12 டெஸ்ட்.

ஆக சாந்தாவுக்கு ஏழு வருஷம் போனது ஏழ்மைனாலன்னு மட்டும் சொல்ல முடியல. அப்போ காசு இல்லாம டெஸ்ட் இல்ல, பின்னாடி காசு இருந்தும் டெஸ்ட் இல்ல. உலகத்துலயே பணக்கார போர்டு. இதுக்கு யாராவது சமாதானம் சொன்னா கேட்டுக்கறேன், டி20 வந்துடுச்சுங்கற ஒண்ணைத் தவிர.

நவம்பர் 10, மதியம் 12:45

ஆமா, ஒன்டே பத்தி நான் நழுவறேன்னு சொல்றீங்க. நழுவல. 19 மேட்ச்ல 287 ரன், 12 விக்கெட். சுமார்தான். பூசி மெழுக ஒண்ணும் இல்ல. 28 வயசுலதான் முதல் ஒன்டே ஆடறாங்க, அதுவும் நேரா உலகக் கோப்பைல, அது ஒரு காரணம். ஆனா அதே வயசுல ஆரம்பிச்சு நல்லா ஆடினவங்களும் இருக்காங்க. அவங்க டெஸ்ட் ஆட்டக்காரி. டெஸ்ட் ஆட்டக்காரிக்கு டெஸ்ட் கொடுக்காம இருந்த காலம். அவ்வளவுதான் என் கட்சி.

நவம்பர் 12, இரவு 11:10

ஆட்டம் முடிஞ்சப்புறம் என்ன பண்ணினாங்கன்னு ஒருத்தர் கேட்டிருந்தார், சுருக்கமா. 2017ல பிசிசிஐ பெண்களுக்குன்னு முதல் தடவையா வாழ்நாள் சாதனை விருது கொடுத்துச்சு, அது இவங்களுக்கு. 2018 டிசம்பர்ல பெண்கள் டீமுக்கு கோச் தேட கமிட்டி போட்டாங்க: கபில் தேவ், அன்ஷுமன் கெய்க்வாட், சாந்தா ரங்கசாமி. எடுத்தது நம்ம டபிள்யூ.வி. ராமனை. 2019 ஆகஸ்ட்ல அதே மூணு பேர்தான் ஆம்பளைங்க டீமுக்கு ரவி சாஸ்திரியைத் திரும்ப எடுத்தாங்க. இதை யாரும் பெரிசாப் பேசல, ஆனா எனக்கு அந்தப் படம் ரொம்பப் பிடிக்கும். ஆம்பளைங்க டீமுக்கு யார் கோச்சுன்னு முடிவு பண்ற மேஜைல, அன்ரிசர்வ்ட் பெட்டில போன கேப்டன் உக்காந்திருக்காங்க.

அடுத்த மாசமே இரட்டைப் பதவி பிரச்சனைன்னு நோட்டீஸ் வந்துச்சு. விளக்கம் கொடுத்து இழுத்துக்கிட்டு இருக்காம ராஜினாமா பண்ணிட்டாங்க. அக்டோபர்ல முன்னாள் வீராங்கனைகள் பிரதிநிதியா பிசிசிஐயோட அபெக்ஸ் கவுன்சிலுக்கு, அதாவது நிர்வாகக் குழுவுக்கு வந்தாங்க, போட்டி இல்லாம. ஒரு கதவைச் சாத்தினா அடுத்த கதவு வழியா உள்ள வந்து உக்கார்ற ஆளு.

நவம்பர் 15, மாலை 4:30

"இப்போ டெஸ்ட் யாரு பாக்கறா"ன்னு கடைசியா ஒருத்தர் போட்டிருக்கார். நான் பாக்கறேன். 2024 ஜூன்ல சேப்பாக்கத்துல சவுத் ஆப்பிரிக்காவோட டெஸ்ட் நடந்தப்போ என் தங்கச்சி பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போனேன். ஷஃபாலி வர்மா 205, நம்ம டீம் 603, பெண்கள் டெஸ்ட்ல அதுக்கு மேல யாரும் அடிச்சதில்ல. வெயில் மண்டையைப் பிளக்குது, பொண்ணு ஃபோன்லேருந்து தலையைத் தூக்கினதே ஷஃபாலி இறங்கி வந்து சிக்ஸர் அடிச்சப்போதான், அதுக்கப்புறம் ஃபோனை எடுக்கல. பின் வரிசைல ஒரு பெரியவர், "76ல இதே கிரவுண்ட்ல பொம்பளைங்க டெஸ்ட் பார்த்தேன்மா"ன்னார். ரெண்டாவது டெஸ்ட் மெட்ராஸ்ல தான் நடந்துச்சு, சரியாத்தான் சொன்னார். சாந்தா எப்படி ஆடினாங்கன்னு ஆசையா கேட்டேன். "யாரு ஆடினா எவ்வளவு அடிச்சாங்கன்னெல்லாம் ஞாபகம் இல்ல, கூட்டத்துல என் செருப்பு காணாமப் போச்சு, அது ஞாபகம் இருக்கு"ன்னுட்டார்.

76 மெட்ராஸ் டெஸ்ட்டுக்கு நேர்ல போனவங்க, இல்ல வீட்டுல அம்மா, அத்தை, பெரியம்மா யாராவது போயிருந்தா, தயவுசெஞ்சு எழுதுங்க. செருப்பு தவிர வேற ஏதாவது.